நாலு லிட்டரில் நிறுத்தச் சொன்னார்கள்

வயிறு வீங்கிய நோயாளி வார்டுக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் வயிற்றுக்குத்தான் போகும். போகட்டும். நீங்கள் முதலில் அவருடைய நாக்கைப் பாருங்கள் பிள்ளைகளா. வயிற்றுக்குள் பத்து லிட்டர் தண்ணீர் கிடக்கும், காலை அமுக்கினால் குழி விழும், நாக்கு மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். “மிஸி, ஒரு வாய் தண்ணி கொடுங்க” என்று கெஞ்சுவார். உடம்பு முழுக்கத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓர் உடம்பு தாகத்தில் தவிக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் வார்டில் நின்றவள் நான். இன்றைக்கும் எனக்கு இது ஓர் அதிசயம்தான்.

“புதுசா வந்திருக்கிற மிஸிகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்க சிஸ்டர்” என்று என்னைக் கேட்டார்கள். மிஸி என்றால் இங்கே தாதி. நல்ல வார்த்தை என் வாயில் எப்போது வந்தது? என்னிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். குழாய் போடுவது, அளவெடுப்பது எல்லாம் கல்லூரியில் சொல்லிக் கொடுத்துத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அவ்வளவு தெரிந்தால் போதும்.

வீரய்யா அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. சுங்கை லாலாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். கைகால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் மேடு. ஒரு திங்கட்கிழமை காலையில் தள்ளுநாற்காலியில் வந்து இறங்கினார். பக்கத்துக் கட்டில்காரர் அவர் காதில் விழும்படியே, “ராப்பகலா ஊத்திக்கிட்டா இப்படித்தான் ஆகும்” என்றார். எனக்கு வந்ததே கோபம். “உங்க வேலை என்னமோ அதப் பாருங்க” என்று அந்த ஆளை ஒரு பிடி பிடித்தேன். வீரய்யா அண்ணன் சாராயத்தை நாக்கில் வைத்தவர் இல்லை. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட மஞ்சள் காமாலைக் கிருமி, ஐம்பது வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்து அவர் கல்லீரலைக் கல்லாக்கிவிட்டது. கல்லீரல் கெட்டவர்கள் எல்லோரும் குடித்துக் கெட்டவர்கள் என்று பேசுகிற வாய் உங்களில் யாருக்காவது இருந்தால் இப்போதே மூடிக்கொள்ளுங்கள்.

அவருக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. “நம்ம டிராக்டர் டேங்கில கூட இவ்வளவு பிடிக்காது மிஸி” என்று வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அவர் மனம் முழுக்க வேறோர் இடத்தில் இருந்தது. ஒரே மகள் கோமதி, பாலர் பள்ளியில் ஆசிரியை. அடுத்த வாரம் ஞாயிறு என்று சொல்வதற்குப் பதில், “இன்னும் பதிமூணு நாளு” என்று விரலை மடக்கிச் சொன்னார். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம்.

“மணையில சம்மணம் போட்டு உக்காரணும் மிஸி. எம் மக கையைப் புடிச்சு நாந்தான் தாரை வார்க்கணும். மூணு மாசமா கீழ உக்கார முடியல. வயிறு தொடையில வந்து இடிக்குது, மூச்சு முட்டுது. எல்லாத் தண்ணியையும் எடுத்து வுட்ருங்கலா. எனக்கு அது ஒண்ணு போதும்.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி லெட்சுமி அக்கா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

எங்கள் வார்டு டாக்டர் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். பெண், மலாய்க்காரர், பெண்டாங் ஊரில் நெல் விவசாயம் செய்யும் குடும்பம். என் வயதில் பாதிதான் இருக்கும். சின்னப் பெண்தானே என்று எனக்கு மனதுக்குள் ஓர் அலட்சியம் இருந்தது, மறைப்பானேன். அவர் வீரய்யா அண்ணனை நிதானமாகப் பரிசோதித்தார். கல்யாண விஷயத்தையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு திட்டம் சொன்னார். புதன்கிழமை நாலு லிட்டர் எடுக்கலாம். அடுத்த வாரம், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், இன்னொரு நாலு லிட்டர். மொத்தமாக எடுக்க வேண்டுமானால் கூடவே அல்புமின் என்ற புரத மருந்தை ஏற்ற வேண்டும், மருந்தகத்தில் இரண்டே பாட்டில்தான் இருக்கிறது, அடுத்த வாரம்தான் வரும்.

“சிஸ்டர், நாலு,” என்று நாலு விரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். “நாலில் மூடிவிடுங்கள்.”

நல்ல திட்டம். இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குழாய் போட்டார்கள். மங்கலான தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் நாலு லிட்டர் ஆகிவிட்டது. குழாயை மூடினேன், அட்டவணையில் நாலு என்று எழுதினேன். டாக்டர் வெளிநோயாளிப் பகுதிக்குப் போயிருந்தார். வீரய்யா அண்ணன் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்து, “அடேயப்பா, லேசா இருக்கு மிஸி” என்றார். பிறகு கட்டிலில் ஒரு காலை மடக்கினார். மடங்கியது. அடுத்த காலை மடக்கப் போனார், வயிறு விடவில்லை. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து இழுத்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் வுடுங்க மிஸி. கொஞ்சந்தான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“டாக்டர் நாலுன்னுட்டாங்க அண்ணே.”

“அவங்களுக்கு என்னா தெரியும் மிஸி, நம்ம சடங்கு சம்பிரதாயம். உங்களுக்குத் தெரியும்ல.”

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். எனக்குத் தெரியும்ல. மணை என்றால் என்ன, தாரை வார்ப்பது என்றால் என்ன, அந்த இடத்தில் அப்பா இல்லாமல் சித்தப்பா உட்கார்ந்தால் சொந்தபந்தம் என்ன பேசும், எல்லாம் எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. அந்த நிமிஷத்தில் டாக்டரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர்தானே, அதுவும் கெட்ட தண்ணீர்தானே, வெளியே போனால் நல்லதுதானே என்று எனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். குழாயைத் திறந்தேன்.

ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு ஜாடியாகக் கொண்டுபோய்க் கழிவறையில் ஊற்றினேன். ஒன்றையும் எழுதவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தேதான் எழுதவில்லை. மூன்று மணிக்குக் குழாயை எடுத்தபோது ஒன்பதரை லிட்டர் ஆகியிருந்தது. அட்டவணையில் இருந்தது நாலு.

அப்புறம் அவர் உட்கார்ந்தார் பாருங்கள். கட்டிலின் நடுவில், இரண்டு காலையும் மடக்கி, முதுகை நேராக வைத்து, மடியில் கையைக் கோத்து, மாமனார் தோரணையில். வார்டே கை தட்டியது. திங்கட்கிழமை வம்பு பேசிய பக்கத்துக் கட்டில்காரர்தான் முதலில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். லெட்சுமி அக்கா சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் பெண்ணையே கட்டிக் கொடுத்தமாதிரி ஒரு சந்தோஷம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தேன். வீரய்யா அண்ணன் சரிந்து படுத்திருந்தார். “அண்ணே” என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “டிராக்டர் சாவி எங்க வெச்ச கோமதி?” என்றார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் ஒரு சின்னக் கிண்ணம் அளவுகூடச் சேரவில்லை. வந்த கொஞ்சமும் கறுப்புக் காப்பி நிறம். பிரஷர் எண்பதுக்குக் கீழே.

பயிற்சி டாக்டர் ஓடி வந்தார். அட்டவணையைப் பார்த்தார். நாலு லிட்டர். “நாலு லிட்டர் எடுத்ததுக்கு இப்படி ஆகாதே சிஸ்டர். உள்ள எங்கயோ ரத்தம் கசியுது போல. இல்லன்னா கிருமி ஏறியிருக்கணும். உப்புத் தண்ணி ஏத்துங்க, வேகமா” என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. அந்த எண்ணை நம்பினால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். பிரஷர் விழுந்தால் டிரிப் ஏற்றுவது நம் கைக்குப் பழகிய வேலை. லெட்சுமி அக்காவும், “ஆமாலா, டிரிப் போட்டா தெம்பு வந்துரும்” என்று தலையாட்டினார். நான்தான் பையைத் தொங்கவிட்டேன், நான்தான் முழு வேகத்தில் திறந்துவிட்டேன். ஒரு பை முடிந்து இரண்டாவது பை ஓடியது. பிரஷர் அசையவில்லை.

பிள்ளைகளா, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். எனக்கு உண்மை தெரியும். வார்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஜாடி கழுவிக் கவிழ்த்தாயிற்று. அடுத்த மாதம் எனக்கு மேட்ரன் பதவிக்கு நேர்முகத் தேர்வு. வாயைத் திறக்காமல் இருந்தால் என்னை ஒருவரும் கேட்கப் போவதில்லை. நோயாளிதானே, கல்லீரல் முற்றிய நோயாளிதானே, எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகக்கூடியவர்தானே. இவ்வளவு அசிங்கமான யோசனை எனக்குள் வந்தது. வந்தது என்பதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் ஒருநாள் வரும்.

எட்டரை மணிக்கு டாக்டர் வந்தார். வந்ததும் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, போர்வையை விலக்கி வீரய்யா அண்ணனின் பாதத்தைப் பிடித்தார். பிறகு உள்ளங்கை. பிறகு என்னைப் பார்த்து, “தொட்டுப் பாருங்கள் சிஸ்டர்” என்றார். தொட்டேன். சுடச்சுட இருந்தது. முப்பது வருஷமாக பிரஷர் விழுந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், எல்லோருக்கும் கைகால் ஐஸ் மாதிரிதான் இருக்கும். இவருக்குப் பிரஷர் எழுபத்தெட்டு, பாதம் மட்டும் அடுப்படியில் இருந்து எழுந்து வந்தவர் பாதம்போல் கதகதவென்று இருந்தது. உள்ளங்கை ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது.

டாக்டர் யோசித்தபடி அட்டவணையை மறுபடி பார்த்தார். “நாலுதான்...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பயிற்சி டாக்டரிடம் திரும்பி, ரத்தக் கசிவாக இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், வண்டிக்குச் சொல்லுங்கள் என்றார். அந்த நிலையில் அவரை வண்டியில் ஏற்றினால் பாதி வழிகூடத் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

“டாக்டர்,” என்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “நாலு இல்லை.”

அவர் திரும்பினார். “பெராப்பா, சிஸ்டர்?” என்று கேட்டார். எவ்வளவு என்று.

“ஒன்பதரை. நான்தான் திறந்துவிட்டேன். எழுதவில்லை.”

பயிற்சி டாக்டர் தரையைப் பார்த்தார். லெட்சுமி அக்காவுக்கு நாங்கள் மலாயில் பேசியது புரிந்ததோ இல்லையோ, என் முகம் புரிந்திருக்கும். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் எட்டி, ஓடிக்கொண்டிருந்த உப்புத் தண்ணீரைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

“தெரிமா காசே, சிஸ்டர்,” என்றார். நன்றி சொன்னார்! எனக்கு! “இப்போது வழி தெரிந்துவிட்டது.”

அடுத்த பத்து நிமிஷத்தில் அவர் வேலை செய்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். வண்டி வேண்டாம் என்றார். மருந்தகத்தில் இருந்த இரண்டு பாட்டில் அல்புமினும் உடனே வர வேண்டும் என்றார். மீதியைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தொலைபேசியில் தானே பேசினார், இங்கிருந்து வண்டி அனுப்பினார். கிருமி இருக்கிறதா என்று வயிற்றுத் தண்ணீரில் கொஞ்சம் மறுபடி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், என் சொல்லை நம்பியும்கூட. சிறுநீர் போக வைக்கும் மாத்திரைகளை நிறுத்தினார். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. முதல் பாட்டில் ஏறத் தொடங்கியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“சிஸ்டர், எங்கள் ஊரில் ஒரே வாய்க்காலில் இருந்து பத்து வயலுக்குத் தண்ணீர் போகும். மேல்வயலில் எல்லாம் வரப்பு உடைந்து கிடந்தால் தண்ணீர் அங்கேயே பரவி நின்றுவிடும். கடைசி வயல் காய்ந்து கிடக்கும். கடைசி வயல்காரருக்கு மேலே நடப்பது தெரியாது. தண்ணீர் வரவில்லை, இன்னும் விடுங்கள் என்று கத்திக்கொண்டே இருப்பார். விட விட, மேல்வயல்தான் மூழ்கும். இவருக்கு வயிற்றுக்குள் இருக்கும் ரத்தக் குழாய் எல்லாம் விரிந்து கிடக்கிறது, அங்கேதான் ரத்தம் தேங்குகிறது. கடைசி வயல் சிறுநீரகம். அது உடம்பு வற்றிப்போய்விட்டது என்று நினைத்து, ஒரு சொட்டு உப்பும் தண்ணீரும் வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. பிடித்து வைத்ததெல்லாம் வயிற்றில் கசிகிறது. நேற்று ஒரேயடியாக எடுத்ததில் குழாய்கள் இன்னும் விரிந்துவிட்டன. இப்போது உப்புத் தண்ணீர் விட்டால் அதுவும் மேல்வயலுக்குத்தான். முதலில் வரப்பைக் கட்ட வேண்டும். அல்புமின் தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து நிறுத்தும்.”

நான் அந்தக் கதகதப்பான பாதத்தைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கெட்ட தண்ணீர் என்று நினைத்து நான் கழிவறையில் கொட்டினேனே, அந்த உடம்பு அந்தத் தண்ணீரையும் ஒரு கணக்கில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. எவ்வளவு கெட்டுப்போன நிலையிலும் அது தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அதைக் கேட்காமல் நான் கையை வைத்துவிட்டேன். கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு பயமும் பக்தியும் வந்ததில்லை.

அல்புமின் பாட்டில் சின்னதுதான், உள்ளே வெளிர் மஞ்சளாகத் தேன் போல இருக்கும். லெட்சுமி அக்கா அதை அண்ணாந்து பார்த்து, “இது என்னா மருந்து மிஸி?” என்று கேட்டார். ரத்த தானம் கொடுத்தவர்களின் ரத்தத்தில் இருந்து பிரித்தெடுப்பது, ஒரு பாட்டிலுக்குள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் பாட்டிலைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

“யாரு பெத்த புள்ளைங்களோ. நல்லா இருக்கணும்.”

மலாய்க்காரர் ரத்தமா, சீனர் ரத்தமா, நம்மவர் ரத்தமா, யாருக்குத் தெரியும்? எத்தனையோ வருஷம் அந்தப் பாட்டிலைத் தொங்கவிட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதை நான் சரியாகப் பார்த்தேன்.

மத்தியானம் வண்டி மீதிப் பாட்டில்களோடு வந்தது. வியாழன் முழுக்கச் சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. நான் குனிந்து பார்த்தேன். சொட்டு, இன்னொரு சொட்டு. “டாக்டர்!” என்று நான் கத்திய கத்தலில் அடுத்த வார்டில் இருந்து இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். சிறுநீருக்கு ஒரு கூட்டமே நின்று கண்கலங்கியது என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சாயங்காலம் வீரய்யா அண்ணனுக்குத் தெளிவு வந்தது. அட்டவணையை நான் திருத்திக் கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வருஷம் மேட்ரன் பதவி எனக்கு வரவில்லை, அது இங்கே பெரிய விஷயம் இல்லை. அவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன்.

“நாந்தானே மிஸி தெறக்கச் சொன்னேன்,” என்றார்.

“நீங்க சொன்னீங்க அண்ணே. தெறந்தது எங் கை.”

“விடுங்கலா. அதான் பொழைச்சிட்டேன்ல. அடுத்த வாரம் எடுப்பாங்கள்ல, அந்த நாலு?”

அதற்கு டாக்டர்தான் பதில் சொன்னார். இனி கல்யாணம் முடியும்வரை குழாய் கிடையாது. சிறுநீரகம் இப்போதுதான் கண் திறந்திருக்கிறது, அதன் மேல் இன்னொரு தடவை கை வைக்க முடியாது. உடம்பு இப்படியே இருந்தால் கல்யாணத்தன்று நாலு மணி நேரம் அனுப்புகிறேன், தள்ளுநாற்காலியில் போய் வரலாம் என்றார். நான் ஏற்றிய உப்புத் தண்ணீர் இரண்டு பையும் அதற்குள் வயிற்றில் போய்ச் சேர ஆரம்பித்திருந்தது. மாத்திரையும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் வயிறு பழையபடி மேடாகிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

“அப்ப தம்பிதான் உக்காருவான். கோமதிக்கு இப்பத் தெரிய வேணாம்,” என்று மட்டும் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நகைச்சுவை எல்லாம் அன்றோடு நின்றது. நான் செய்தது அவர் உயிரை எடுக்கவில்லை. உயிரை வைத்துக்கொண்டு அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அதை எடுத்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் குளியலறையில் அழுதேன்.

கல்யாணத்தன்று எனக்கு விடுமுறை. நானே கூட வருகிறேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போனேன். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் கிழிந்துகொண்டிருந்தது. வீரய்யா அண்ணனைப் பட்டு வேட்டி சுற்றி, வயிற்றுக்கு மேல் துண்டைப் போட்டு, மேடைக்குப் பக்கவாட்டில் தள்ளுநாற்காலியில் நிறுத்தினோம். மேடையில் மணை போட்டிருந்தார்கள். குருக்கள் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர் தம்பியும் தம்பி மனைவியும் ஏறி உட்கார்ந்தார்கள். வீரய்யா அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமி அக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

கோமதியைத் தோழிகள் அழைத்து வந்தார்கள். அவள் மேடை ஏறினாள், மணையைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு மண்டபத்தைச் சுற்றித் தேடினாள். அப்பா இருக்கும் இடம் தெரிந்ததும் உட்காராமல் நின்றுவிட்டாள்.

“அப்பா ஏன் அங்க இருக்காரு?”

“அவரால கீழ உக்கார முடியாதும்மா,” என்றார் சித்தப்பா.

“அதுக்கு?” என்றாள். பாலர் பள்ளி ஆசிரியைக்கே உள்ள குரல் அது, கடைசி வரிசைவரை கேட்டது. “நம்ம எல்லாம் மேல உக்காருவோம். நாற்காலி கொண்டாங்க.”

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. குருக்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சாமி, அந்த மணையையே நாற்காலி மேல வைங்க. அது மேல நாங்க உக்காருறோம். ஓமத்த ஒரு பெஞ்சு மேல வெச்சுக்கலாம். முடியும்தானே சாமி?” என்றாள் கோமதி. குருக்கள் ஒரு நிமிஷம் யோசித்தார். “முடியும்மா,” என்றார். அதற்குள் மாப்பிள்ளையே மேடையில் இருந்து குதித்துச் சாப்பாட்டுப் பந்தியில் இருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், மாலையோடு. சித்தப்பா எழுந்து, சிரித்துக்கொண்டே ஒரு கை கொடுத்தார். தள்ளுநாற்காலியை நாலு பேர் மேடைக்கு ஏற்றினார்கள். சிவப்பு நாற்காலியில் பெண், நீல நாற்காலியில் மாப்பிள்ளை, எதிரே தள்ளுநாற்காலியில் அப்பா, பக்கத்தில் அம்மா.

லெட்சுமி அக்கா செம்பில் இருந்து தண்ணீரை ஊற்றினார். வீரய்யா அண்ணனின் கை மகளின் கையைத் தாங்கிக்கொண்டு நீட்டியிருந்தது. அந்தக் கை நடுங்குகிறதா என்று பார்ப்பதுதான் என் பழக்கம், கல்லீரல் நோயாளிக்குப் புத்தி தடுமாறப் போகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. நடுங்கவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை, எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார்.

பந்தி நடக்கும்போது கோமதியிடம் போனேன். அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கல்யாண நாளில் சொல்வதா என்று தயங்கினேன், சொல்லாமல் அவள் வீட்டுச் சாப்பாடு எனக்கு இறங்காது. அப்பாவைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது என் கைதான், மணையில் உட்கார வைக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று முழுக்கச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. மருதாணிக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

“எனக்கு அப்பா வந்தா போதுமே சிஸ்டர். எங்க உக்காந்தா என்னா? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தப் பெண் வேலை முடிந்து நேராக வார்டுக்கு வந்தாள். ஒவ்வொரு நாளும் அவள் உட்கார, அப்பா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டவள் நான்தான்.